மலை வடக்கே இருக்கிறது, சைக்கிள் ஏன் தெற்கே போகிறது?

ஞாயிறு விடிகாலையில் வடசென்னையின் தண்டையார்பேட்டை, பெரம்பூர், கொளத்தூர் பக்கமிருந்து கிளம்பும் சைக்கிள்கள்கூட ஊரையே குறுக்காகக் கடந்து, தெற்கே ஈ.சி.ஆர். என்னும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குத்தான் போகின்றன. ஈ.சி.ஆரில் மேடு என்று ஒன்று உண்டென்றால் அது பாலம் மட்டும்தான். நமக்குக் கிட்டத்தில் இருக்கும் மலைகள் வடமேற்கே நாகலாபுரம் பக்கம் நிற்கின்றன. அதற்கான சாலையும் புதிதல்ல. ஆடி மாதம் வேன் பிடித்துப் பெரியபாளையத்தம்மனைப் பார்க்கப் போகிறோமே, அதே சாலை.

மூலக்கடையிலிருந்து மாதவரம், புழல், செங்குன்றம், காரனோடை, ஜனப்பன்சத்திரம். அங்கே நெடுஞ்சாலையை விட்டு இடப்பக்கம் திரும்பினால் பெரியபாளையம், அதைத் தாண்டி ஊத்துக்கோட்டை. இதுவரை 50 கி.மீ. அளவில் வரும். ஊத்துக்கோட்டையைத் தாண்டியதும் ஆந்திர எல்லை. உடனே சுருட்டப்பள்ளி, சிவன் பள்ளிகொண்டிருக்கும் கோயில். இன்னும் பதினைந்து கி.மீ. போனால் நாகலாபுரம். கிருஷ்ணதேவராயர் தன் தாய் நாகலாம்பாவின் பெயரில் அமைத்த ஊர் என்பார்கள். வேதநாராயணர் மச்ச அவதாரமாக நிற்கும் கோயில் இங்கேதான். மொழி தெரியாதே என்ற கவலை வேண்டாம். 1960 ஏப்ரல் 1-ல் எல்லையைத் திருத்தியபோது திருத்தணி இந்தப் பக்கம் வந்தது, சத்தியவேடு அந்தப் பக்கம் போனது. கோடு நகர்ந்ததே தவிர பேச்சு நகரவில்லை. டீக்கடையில் தமிழ் போதும்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இந்தச் சாலை மலைமீது ஏறுவதில்லை, மலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பள்ளத்தாக்கில் ஓடுகிறது. கண்ணுக்கு மலை, காலுக்குச் சின்னச் சின்ன மேடு. முதல் முறை பை கட்டிக்கொண்டு போகிறவருக்கு அதுதான் நல்லது என்பேன். நிஜமான ஏற்றம் வேண்டுமென்றால் இரண்டு நாள் ஒதுக்குங்கள். நாகலாபுரத்திலிருந்து பிச்சாட்டூர், நாராயணவனம் வழியாகப் புத்தூர் போய் இரவு தங்கி, மறுநாள் நகரி வழியாகத் திருத்தணிக்கு வந்து, முருகன் கோயில் மலைச்சாலையில் ஏறிப் பாருங்கள். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளெல்லாம் அதற்கு அப்புறம்.

இனி செலவு விஷயம். மலை என்றதும் விலை கூடின சைக்கிளைத் தேடுகிறார்கள். பார்க்க வேண்டியது விலையை அல்ல, பல்லை. முன்னால் இருக்கும் மிகச் சின்னப் பல்சக்கரத்தின் பல் எண்ணிக்கையைப் பின்னால் இருக்கும் மிகப் பெரியதின் பல் எண்ணிக்கையால் வகுத்து, சக்கரத்தின் சுற்றளவால் பெருக்குங்கள். பெடலை ஒரு சுற்று மிதித்தால் எத்தனை மீட்டர் நகர்வீர்கள் என்பது கிடைக்கும். முன்னால் 34, பின்னால் 28 பல் உள்ள ரோடு பைக்கில் 2.55 மீட்டர். 24-28 உள்ள சாதாரண ஹைபிரிட்டில் 1.86 மீட்டர். 44-18 வைத்த பழைய கேரியர் சைக்கிளில் 5 மீட்டருக்கும் மேல்.

நிமிடத்துக்கு 60 சுற்று மிதிப்பதாக வைத்துக்கொள்வோம். ஆளும் சைக்கிளும் மூட்டையும் சேர்த்து 95 கிலோ. 100 மீட்டருக்கு 8 மீட்டர் உயரும் ஏற்றம். அந்த ரோடு பைக்கில் ஏற 210 வாட் அளவுக்குச் சக்தி வேண்டும். ஹைபிரிட்டில் 150 சொச்சம் போதும், வேகம் மணிக்கு 7 கி.மீ.கூட வராது, அவ்வளவுதான். 210 வாட்டைப் பழக்கமில்லாத உடம்பால் சில நிமிடங்களுக்கு மேல் தர முடியாது. அதனால் சுற்று 40-க்கு இறங்கும், முட்டி வலிக்கும், கடைசியில் இறங்கித் தள்ளுவார்கள். பழி மலைமேல் விழும்.

பின்சக்கரத்தில் ஏழு கியர் ஃப்ரீவீல், அதாவது பல்சக்கர அடுக்கு, வைத்த சைக்கிள் என்றால் 14 முதல் 28 பல் வரை உள்ளதைக் கழற்றிவிட்டு 14 முதல் 34 வரை உள்ளதைப் போடலாம். அதற்கு முன் இரண்டு சோதனை. சங்கிலியைக் கியர் மாற்றித் தள்ளும் பின்பக்க டீரெய்லர் 34 பல்லைத் தாங்கும் ரகமா? சங்கிலி நீளம் போதுமா? டீரெய்லரில் நுழைக்காமல் முன்னால் பெரியது, பின்னால் பெரியது இரண்டையும் சங்கிலியால் சுற்றிப் பிடித்து, முனைகள் சேரும் இடத்திலிருந்து இரண்டு கண்ணி கூடுதலாக இருக்க வேண்டும். பழைய சங்கிலியையே போட்டுவிட்டு யாராவது பெரியது-பெரியதில் கியரைத் தள்ளினால் டீரெய்லர் முறுக்கிக்கொண்டு ஸ்போக்ஸ் கம்பிக்குள் போகும். டீரெய்லரின் மேல் உருளை பல்லில் உரசினால், அதிலேயே இருக்கும் பி-டென்ஷன் திருகை உள்ளே முடுக்குங்கள்.

சங்கிலியைப் பற்றிப் பேசும்போது நம் பக்கத்துக் காற்றையும் சொல்ல வேண்டும். காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் வெளியே நிறுத்தும் சைக்கிளில் உப்புக்காற்றால் துரு சீக்கிரம் ஏறும். துணியால் துடைத்து, ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பத்து நிமிடம் கழித்து வெளியே வழிவதைத் துடைத்தெடுங்கள். கிரீஸ் தடவினால் சாலைத் தூசி முழுக்க அதில் ஒட்டி அரைக்கும். தேய்மானம் பார்க்க 12 முழுக் கண்ணிகளை ஸ்கேலால் அளக்கலாம். புதிதில் 304.8 மி.மீ. இருக்கும். 306.5-ஐத் தொட்டால் சங்கிலியை மாற்றிவிடுங்கள். தள்ளிப்போட்டால் ஃப்ரீவீலும் சேர்ந்து போகும்.

பயணத்தைக் கெடுப்பது பெரும்பாலும் ஏற்றமல்ல, பஞ்சர். செங்குன்றம் வரை கன்டெய்னர் லாரிகள் ஓடும் சாலை. வெடித்த லாரி டயரிலிருந்து சிதறும் மெல்லிய எஃகுக் கம்பி ஓரத்தில்தான் ஒதுங்கிக் கிடக்கும், நாம் போவதும் ஓரத்தில்தான். டியூபை மட்டும் ஒட்டிவிட்டுக் கிளம்பினால் அடுத்த கி.மீ.யில் அதே இடத்தில் மறுபடி இறங்கும். டயரின் உட்புறத்தைப் பழைய துணியால் சுற்றித் தேயுங்கள். எங்கே துணி மாட்டுகிறதோ அங்கே கம்பி இருக்கிறது. இடுக்கியால் பிடுங்கிய பிறகு டியூபைப் போடுங்கள். கிளைச் சாலைகளில் இதே வேலையைச் சீமைக்கருவேல முள் செய்யும். ஒட்டுப்போடும்போது சொல்யூஷன் ஈரம் காய்ந்து மங்கும்வரை காத்திருங்கள், நான்கைந்து நிமிடம். ஈரத்தோடு ஒட்டினால் வெயிலில் கழன்றுவிடும்.

டயர் 32 முதல் 38 மி.மீ. அகலம் வரை இருந்தால் நல்லது. 35 மி.மீ. டயருக்கு, ஆள் எடை 70 கிலோ என்றால், முன்னால் 50, பின்னால் 60 பி.எஸ்.ஐ. என்று தொடங்கிப் பாருங்கள். வால்வையும் பாருங்கள். மெல்லிய ப்ரெஸ்டா வால்வுக்கு ஊத்துக்கோட்டை பஞ்சர் கடைப் பம்பு பொருந்தும் என்று நம்பிப் போகாதீர்கள். சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்றை வால்விலேயே திருகி வைத்துவிட்டால் பைக்குக்குக் காற்றடிக்கும் எந்தக் கடையிலும் வேலை முடியும்.

மூட்டை 10 கிலோவைத் தாண்ட வேண்டாம். முதுகில் ஒன்றும் வேண்டாம், எல்லாம் பின்கேரியரின் இரு பக்கமும் சமமாக. பாரம் கூடினால் முதலில் அறுவது பின்சக்கரத்தில் ஃப்ரீவீல் பக்கத்து ஸ்போக்ஸ் கம்பி. சக்கரம் அந்தப் பக்கம் தட்டையாகக் கோர்க்கப்பட்டிருப்பதால் அங்கே இழுவிசை அதிகம். சிக்கல் என்னவென்றால் அந்தக் கம்பியை மாற்ற ஃப்ரீவீலைக் கழற்றியாக வேண்டும், அதற்கான கருவி எல்லாக் கடையிலும் இருக்காது. கருவியையும் அதே நீளத்தில் இரண்டு கம்பியையும் கூடவே கொண்டுபோங்கள். கம்பியை ஃப்ரேமில் டேப் போட்டு ஒட்டிவைத்தால் போதும்.

நேரத்துக்கு வருவோம். விடிகாலை 4:30-க்கு மூலக்கடை, பின்னால் சிவப்பு விளக்கோடு. வெளிச்சம் வருவதற்குள் ஜனப்பன்சத்திரத்தில் திரும்பிவிட வேண்டும். சர்வீஸ் சாலையில் எதிர்த்திசையில் வரும் வண்டிகளை எதிர்பார்த்தே ஓட்டுங்கள். ஏப்ரல், மே, ஜூன் வேண்டவே வேண்டாம். ஆடி, ஆவணி ஞாயிறுகளில் பெரியபாளையம் நெரிசலில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடக்கலாம், ஓட்ட முடியாது. வடகிழக்குப் பருவமழையில் பிச்சாட்டூர் அணை திறந்தால் ஆரணியாறு பொங்கும். தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடினால், கணுக்கால் அளவே ஆனாலும், திரும்பிவிடுங்கள். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரைதான் நல்ல காலம்.

காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும், இதைத்தான் பலர் மறக்கிறார்கள். மதியத்துக்கு மேல் கடற்காற்று கிழக்கிலிருந்து எழும். வீடு திரும்பும் நீங்களோ அதன் முகத்துக்கு எதிரே வருவீர்கள். போகும்போது மணிக்கு 20 கி.மீ. என்றால் வரும்போது 15-ஐ வைத்துக் கணக்குப் போடுங்கள். ஒரே நாளில் நாகலாபுரம் போய்வர 130 கி.மீ. ஆகும். காலை 9 மணிக்குள் நாகலாபுரத்தை எட்டவில்லை என்றால், இருக்கும் இடத்திலிருந்தே திரும்பிவிடுவது உத்தமம். மணிக்கு 500 முதல் 750 மில்லி தண்ணீர், ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். பொட்டலம் என்றால் சரியாக ஒரு லிட்டர். அரை லிட்டரில் கரைத்துக் குடித்தால் வயிறு கெடும். கடலை மிட்டாயும் வாழைப்பழமும் வழியெங்கும் கிடைக்கும், வேறு எந்தப் பாக்கெட்டும் தேவையில்லை. திரும்பும்போது ஜனப்பன்சத்திரத்தில் வலப்பக்கம் போக வேண்டும். அங்கே வீரம் காட்டாமல் இறங்கித் தள்ளிக்கொண்டு கடந்துவிடுங்கள்.

கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறு மூலக்கடை மேம்பாலத்துக்குப் போங்கள், வண்டி நடமாட்டம் தொடங்குவதற்கு முன். நம் ஊரின் மலை அதுதான். பைகளில் பத்து கிலோ அரிசியைக் கட்டிக்கொண்டு பத்து முறை ஏறி இறங்குங்கள். குதிகால் பையில் இடிக்கிறதா, சின்னக் கியர் ஒழுங்காக விழுகிறதா, இறக்கத்தில் இரண்டு பிரேக்கும் பிடிக்கின்றனவா என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். முடித்ததும் கேரியர் போல்ட்டுகளில் 4 மி.மீ. ஆலன் சாவியை வைத்துப் பாருங்கள். ஒன்றாவது தளர்ந்திருந்தால், உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டாக மாற்றிப் போடுங்கள். ஊத்துக்கோட்டையை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.