பூனை, கோழி நிக்கிற வீட்டுக்கு நாய் எடுக்கிற ஆக்களுக்கு

போன கிழமை ஒரு தங்கச்சி இன்பொக்ஸில கேட்டவ, அக்கா வீட்டில ரெண்டு பூனையும் கொஞ்சக் கோழியும் நிக்குது, காப்பகத்தில போய் ஒரு நாய் எடுக்கப்போறன், எதைப் பாத்து எடுக்கிறது எண்டு. பதில் நீண்டு போச்சு, அதால இஞ்சயே போடுறன்.

முதல் என்ர பிழையைச் சொல்லுறன். நாலு வருசத்துக்கு முதல் நான் வடிவைப் பாத்துத்தான் எடுத்தனான். வெள்ளையில மண்ணிறப் புள்ளி, ஒரு வயசும் வராத கடுவன், கம்பியில காலைப் போட்டுத் துள்ளித் துள்ளி நிண்டுது, என்னைப் பிடிச்சிட்டுதாக்கும் எண்டு அப்பிடியே கொண்டு வந்திட்டன். மூண்டாம் நாள் விடியக் கோடிக்குள்ள போய்ப் பாத்தா ரெண்டு பேட்டுக்கோழி செத்துக் கிடக்குது, பூனை மதிலை விட்டு இறங்கேல்ல. நாயில பிழையே இல்ல, ஓடுறதைத் துரத்திறது அதின்ர குணம், விசாரிக்காமக் கொண்டு வந்தது நான். பிறகு கோழி இல்லாத வீடு ஒண்டு தேடிக் குடுத்தன். ஓட்டோவில ஏத்தேக்க என்ர கையை நக்கிச்சு, அது இப்பவும் மனசுக்குள்ள நிக்குது.

குட்டியா எடுத்தா எல்லாத்தோடயும் ஒட்டி வளரும் எண்டு சொல்லுவினம். 3 கிழமைக்கும் 14 கிழமைக்கும் இடையில காணுற மனிசர், மிருகம் எல்லாத்தோடயும் குட்டி லேசாப் பழகும், அது உண்மைதான். ஆனா வளந்தாப்பிறகு என்ன குணம் வரும் எண்டு குட்டியைப் பாத்து ஆராலயும் சொல்லேலாது, அதோட வீட்டில ஏற்கெனவே ஒரு கிழட்டு நாய் நிண்டா அதைக் குட்டி படுக்க விடாது. என்னைக் கேட்டா மூண்டு நாலு வயசு வந்த நாயை எடுங்கோ, அதின்ர குணம் கண்ணுக்கு முன்னால தெரியும்.

கூட்டுக்குள்ள குலைக்கிறதை வச்சு மட்டும் முடிவெடுக்காதேங்கோ, அவ்வளவு நாய்க்குள்ள அடைபட்டா எதுவும் குலைக்கும். சங்கிலியில வெளியில கொண்டு வந்து, தூரத்தில ஒரு பூனையோ கோழியோ போகேக்க கவனியுங்கோ. உடம்பு விறைச்சு, வாய் மூடி, கண் அதிலயே குத்தி நிண்டு, கூப்பிட்டாலும் திரும்பாட்டி அது உங்கட வீட்டுக்குச் சரிவராது. சோத்துச் சட்டிக்குக் கிட்டப் போனா உறுமுமோ எண்டும் பாக்கிற ஆக்களிட்டக் கேளுங்கோ.

நான் ரெண்டாந்தரம் போகேக்க எங்கட வீட்டில முதலே நிண்ட கிழட்டுக் கடுவன் நாயையும் கூட்டிக்கொண்டு போனனான். அதையும் காப்பகத்தில நான் பாத்து வச்ச நாயையும் வெளியில றோட்டில, ரெண்டுக்கும் சொந்தமில்லாத இடத்தில, இடைவெளி விட்டுப் பக்கத்தில பக்கத்தில நடத்தினம். நான் பாத்து வச்சது மூலைக்குள்ள படுத்திருந்த காது கிழிஞ்ச கறுப்புப் பெட்டை, கருத்தடை செய்தது. ஒரு கோழி குறுக்கால ஓடிச்சு. பாத்திட்டு என்ர முகத்தைப் பாத்துது. அவ்வளவுதான், அதுதான் எண்டு முடிவெடுத்தன்.

வந்த உடன அவிட்டு விடேல்ல. மிருக வைத்தியரிட்டக் காட்டி, விசர்நாய்த் தடுப்பூசி போட்டு, உண்ணி எடுத்து, ரெண்டு கிழமை தனிய வச்சிருந்தம். அவள் படுத்த சாக்கைப் பூனைக்கும் பூனையின்ர சீலையை அவளுக்கும் போட்டு மணம் பழக்கினம். பிறகும் ஒரு மாதம் வளவுக்குள்ள சங்கிலியோடதான். அவசரப்பட்டுடாதேங்கோ, சில நாய்க்கு மூண்டு மாதமும் போகும்.

இப்ப குஞ்சுக்கோழி அவளின்ர சட்டியில சோறு கொத்துது. ஆனா நான் கடைக்குப் போறதெண்டா இண்டைக்கும் அவளை விறாந்தைக்குள்ள விட்டுக் கதவைச் சாத்திப்போட்டுத்தான் போறனான்.