கையெழுத்து போதாது, சட்டம் வேண்டும்

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் நடந்த கூட்டத்தின் வீடியோவை இதற்குள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பேசியவரின் பெயரை நான் இழுக்கப்போவதில்லை. அரசு வேலை நியமனங்களை அமைச்சர் கையிலிருந்து எடுக்கும் பொதுச் சேவைத் திருத்த மசோதாவுக்கு ஆதரவாகத் தென்னாப்பிரிக்க நாடாளுமன்றத்துக்கு அனுப்பும் கடிதத்தில் கையெழுத்துக் கேட்டு நின்ற நம் பெண்களைப் பார்த்து, "அஞ்சரை சதவீதம் வாங்கியாச்சு, இன்னும் சட்டம் வேற வேணுமா?" என்று மைக்கில் கேட்டார். அதற்குக் கைதட்டலும் விழுந்தது. எனக்கு வலித்தது அந்தக் கைதட்டல்தான். தட்டியவர்களில் பாதிப் பேர் வீட்டில் ஒரு நர்ஸோ டீச்சரோ குமாஸ்தாவோ இருக்கிறார்கள்.

சரி, அஞ்சரையைப் பற்றியே பேசுவோம். அரசும் தொழிற்சங்கங்களும் 2025இல் போட்ட ஒப்பந்தப்படி அரசு ஊழியர்களுக்கு முதல் வருடம் 5.5 சதவீதச் சம்பள உயர்வு, அடுத்த இரண்டு வருடங்களும் விலைவாசியை ஒட்டி 4க்கும் 6க்கும் இடையில். காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. 2018இல் போட்ட மூன்று வருட ஒப்பந்தமும் காகிதத்தில் நன்றாகத்தான் இருந்தது. மூன்றாம் வருட உயர்வு 2020 ஏப்ரலில் வர வேண்டும். வரவில்லை. தொழிற்சங்கங்கள் கோர்ட்டுக்குப் போயின. 2022 பிப்ரவரி 28 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம், அந்த ஒப்பந்தமே செல்லாது என்று சொல்லிவிட்டது. கருவூலத்தின் ஒப்புதலும் பணத்துக்கான உறுதியும் இல்லாமல் அரசுத் தரப்பு கையெழுத்துப் போட்டதுதான் காரணம். விதியைப் பின்பற்றாதது அரசு. நஷ்டம் யாருக்கு? கொரோனா வார்டில் நின்றவர்களுக்கு.

இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். அமைச்சரின் கையெழுத்து போதாது, சட்டம் வேண்டும். பணம் உறுதியாகும் முன் அரசு பேச்சுவார்த்தை மேசைக்கு வரக்கூடாது, கையெழுத்துப் போட்ட பிறகு பின்வாங்கக்கூடாது என்று நாடாளுமன்றமே எழுதி வைக்க வேண்டும்.

"இந்த மசோதா சம்பளத்தைப் பற்றியதா? நியமனத்தைப் பற்றியதுதானே?" என்று ஒரு தம்பி கமென்டில் கேட்டிருந்தார். ஆமாம் தம்பி, பெரும்பகுதி நியமனம்தான். ஆளை எடுப்பது, மாற்றுவது, பதவி உயர்த்துவது எல்லாம் இன்று அமைச்சர் கையில் இருக்கிறது. அதைத் துறைத் தலைவரான அதிகாரியிடம் கொடுக்கச் சொல்கிறது மசோதா. துறைத் தலைவரும் அவருக்கு நேர் கீழே இருப்பவர்களும் கட்சிப் பதவி வகிக்கக்கூடாது என்றும் சொல்கிறது. சம்பளமும் நியமனமும் வேறு வேறு என்று நினைப்பவர்கள் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்ததில்லை.

நான் பார்த்திருக்கிறேன். மாகாணத் துறை ஒன்றில் மேற்பார்வையாளர் பதவி காலியானது. அந்த வேலையை என்னைச் செய்யச் சொன்னார்கள். செய்தேன், பழைய சம்பளத்துக்கே. ஃபைல்களுக்கு நான் பொறுப்பு, திட்டு வாங்குவதும் நான். கடைசியில் அந்த நாற்காலிக்கு ஒருவர் வந்தார். விடுப்புப் படிவத்தை எப்படி நிரப்புவது என்று நான்தான் அவருக்குக் கற்றுக்கொடுத்தேன். யார் சிபாரிசில் வந்தார் என்று அலுவலகம் முழுவதுக்கும் தெரியும். கட்சிச் சார்பை மட்டும் வைத்து ஊழியருக்குச் சலுகையோ பாதகமோ செய்யக்கூடாது என்று அரசியலமைப்பின் 197ஆம் பிரிவு சொல்கிறது. அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கைப்பையில் வைத்திருந்தேன். யாரிடம் நீட்டுவது என்றுதான் தெரியவில்லை.

"அரசுச் செலவில் மூன்றில் ஒரு பங்கு சம்பளத்துக்கே போகிறது, நாடு தாங்காது" என்கிறார்கள். கிட்டத்தட்ட உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கணக்கை வார்டு நர்ஸிடம் மட்டும் காட்டுகிறீர்களே, அது நியாயமில்லை. "தொழிற்சங்கத்துக்காரி, அப்படித்தான் பேசுவாள்" என்கிறார்கள். இதற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை.

அதிகாரி கைக்கு அதிகாரம் போனால் அதிகாரி ஆடமாட்டானா என்று ஒரு அண்ணன் கேட்டார். ஆடலாம். அப்போது கேள்வி கேட்கச் சட்டம் இருக்கும். 2017இல் இதே அரசியலமைப்பு நீதிமன்றம், கூடுதலாகக் கொடுத்துவிட்டோம் என்று சொல்லி ஊழியரின் சம்மதம் இல்லாமல் சம்பளத்தில் பிடிப்பதற்கு இடம் கொடுத்த விதியை ரத்து செய்தது. எழுத்தில் இருந்ததால்தான் அதை எதிர்த்து நிற்க முடிந்தது.

மசோதா 2023இல் வந்தது. 2024 தொடக்கத்தில் நாடாளுமன்றத்தின் கீழவையான தேசியப் பேரவை நிறைவேற்றி, மேலவையான மாகாணங்களின் அவைக்கு அனுப்பியது. இவ்வளவு இழுக்க என்ன இருக்கிறது? அரசு ஊழியர் என்றால் யாருக்கும் அவசரமில்லை, அதுதான்.

என் தாத்தா டர்பன் நகரசபைத் தொழிலாளி. நகரசபையின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பாரக்ஸில் இருந்தார், அப்புறம் இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்குத் தூக்கிப் போட்டார்கள். அவர் காலத்தில் தோல் நிறத்தைப் பார்த்துச் சம்பளம் போட்டார்கள். ஒரே வார்டில் ஒரே வேலை செய்த நர்ஸுகளுக்கும் நிறத்துக்கு ஒரு சம்பளம். அது யாருடைய நல்ல மனசாலும் மாறவில்லை. போராடினார்கள், பிறகு சட்டம் மாறியது. இந்தக் குடும்பங்களில் பிறந்துவிட்டு, சட்டம் எதற்கு என்று கேட்க எப்படி மனம் வருகிறது?

என் அக்கா மகள் நர்ஸிங் முடித்துவிட்டு வேலைக்காகக் காத்துக் காத்து இங்கிலாந்துக்குப் போய்விட்டாள். 2025 ஏப்ரலில் 1,200 டாக்டர்களையும் 200 நர்ஸுகளையும் எடுக்கப்போவதாகச் சுகாதார அமைச்சர் அறிவித்தார். நாடு முழுவதுக்கும் நர்ஸ் 200 பேர். இங்கே ஆள் இல்லாத வார்டுகள், அங்கே கண்ணீரோடு வீடியோ கால் போடும் பிள்ளை. அக்கா அன்று மண்டபத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவள் காதுபட இன்னொரு முறை எங்கள் ஜனங்களைப் பேராசைக்காரர்கள் என்று யாராவது சொன்னால், நான் எழுந்து நின்று பதில் சொல்வேன். மைக் தேவையில்லை.