கூட்டெழுத்தில் போட்டால்தான் கையெழுத்தா?

"கையெழுத்தை ஆங்கிலக் கூட்டெழுத்தில்தான் போட வேண்டும், எழுத்துகளைத் தனித்தனியாகவோ தமிழிலோ போட்டால் செக் செல்லாது" என்று ஒரு தகவல் சுற்றி வருகிறது. இது தவறு.

1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், காசோலையில் கணக்கு வைத்திருப்பவரின் கையெழுத்து வேண்டும் என்கிறது. எந்த மொழி, என்ன வடிவம் என்று சொல்லவில்லை. காசோலையை இந்தி, ஆங்கிலம், அந்தந்த மாநில மொழி என எதில் வேண்டுமானாலும் எழுதலாம் என்பதுதான் ரிசர்வ் வங்கியின் நிலை.

அப்புறம் ஏன் சில செக் திரும்பி வருகிறது? கணக்கு தொடங்கியபோது நீங்கள் போட்ட மாதிரிக் கையெழுத்தை வைத்துத்தான் வங்கியில் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். அன்று "க. செல்வி" என்று பிரித்து எழுதியவர், இன்று அழகுக்காக ஆங்கிலத்தில் சுழித்துப் போட்டால்தான் சிக்கல். கையெழுத்து மாறிவிட்டதா? வங்கியில் புது மாதிரி கொடுத்துவிடுங்கள், போதும்.

இந்த வதந்திக்கு ஒரு வேர் இருக்கக்கூடும். ஐபிபிஎஸ் வங்கித் தேர்வு விண்ணப்பத்தில் முழுக்க ஆங்கிலப் பெரிய எழுத்தில் போட்ட கையெழுத்தை ஏற்பதில்லை. அது அந்த விண்ணப்பத்துக்கான விதி, எல்லா இடத்துக்கும் பொருந்தாது.

எழுதத் தெரியாதவர் இடும் அடையாளத்தையே 1897-ஆம் ஆண்டின் பொது வாசகங்கள் சட்டம் கையெழுத்தாக ஏற்கிறது. அப்படியிருக்க, தமிழில் அழகாகப் பெயர் எழுதும் அம்மாக்களை இந்த வயதில் ஆங்கிலச் சுழி பழகச் சொல்லி வதைக்காதீர்கள்.