பனப்பாக்கம் ஆலை சீனக் கம்பெனி இல்லைங்க

அண்ணா, நீங்க போட்ட வீடியோ நம்ம பக்கத்தது இல்ல. "பனப்பாக்கத்துல சீனாக்காரனுக்கு அரசு காசு கொடுக்குது, நாட்டுப் பாதுகாப்பு போச்சு"ன்னு எழுதியிருக்கீங்க. அதுல கத்துற ஜனங்க அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக்காரங்க. அங்க கோஷன் என்ற பேட்டரி கம்பெனிக்கு மாநில அரசு சலுகை அறிவிச்சது. தாய்க் கம்பெனி சீனாவின் ஹெஃபெய் நகரத்தது, அதான் பிரச்சினை. ஆலையை ஆதரிச்ச உள்ளூர் நிர்வாகிகள் ஐந்து பேரை 2023 நவம்பர்ல ஊர்க்காரங்களே ஓட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பினாங்க.

நம்ம ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்துல செருப்பு ஆலைக்கு 2024 டிசம்பர்ல அப்போதைய முதல்வர் ஸ்டாலின் அடிக்கல் நாட்டினது ஹாங் ஃபூ குழுமத்துக்கு. அது தைவான் கம்பெனி. 1,500 கோடி முதலீடு, 25,000 பேருக்கு வேலைன்னு அறிவிப்பு. தைவானையும் சீனாவையும் ஒண்ணாக் குழப்பறது நம்மூர்ல சகஜம்தான், பேரைப் பார்த்தா யாருக்கும் அப்படித்தான் தோணும்.

சீன முதலீடு சும்மா உள்ளே வந்துடவும் முடியாது. 2020 ஏப்ரல்ல மத்திய அரசு விதியை மாத்தி, நில எல்லை பகிரும் நாடுகள்ல இருந்து வர்ற பணத்துக்கு அரசு அனுமதி தேவைன்னு ஆக்கிடுச்சு. மூணாவது நாடு வழியா சுத்தி வந்தாலும், உண்மையான உரிமையாளர் யாருன்னு பார்ப்பாங்க.

சலுகை எவ்வளவு, சம்பளம் எவ்வளவுன்னு கேளுங்க, நானும் கூட நிக்கறேன். கெடுதல் வெளிநாட்டுக்காரனால மட்டும்தான் வரும்னு இல்ல; ராணிப்பேட்டைல குரோமியக் கழிவை மலையாக் குவிச்சுட்டுப் போனது வெளிநாட்டுக்காரன் இல்லையே. தயவு செஞ்சு அந்த வீடியோவை மட்டும் எடுத்துடுங்க, ஆம்பூர் குரூப்ல எல்லாம் சுத்துது.