லமாஷ்டுவுக்குக் கட்டுச்சோறு

பழைய மெசொப்பொத்தேமியாவின் (இன்றைய ஈராக்) பேய்களில் ஒன்றான பசுசுவின் படத்தைப் போட்டு ‘சுமேரியரின் கொடூர நோய்ப்பேய்’ என்று ஒரு பதிவு ஓயாமல் சுற்றுகிறது. அதில் தவறு இரண்டு. பசுசுவின் உருவம் கிடைப்பதே கி.மு. முதல் ஆயிரத்தாண்டில்தான், சுமேரிய அரசுகள் ஒழிந்து அதற்குள் ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அதோடு, பசுசுவின் தலையை மக்கள் தாயத்தாகக் கட்டிக்கொண்டதே வேறொருத்தியை விரட்டத்தான். அந்நாட்டின் பழைய மொழிகள் இரண்டில் அவளுக்குப் பெயர் உண்டு: சுமேரியத்தில் திம்மெ, அக்காடியத்தில் லமாஷ்டு.

வானக் கடவுள் அனுவின் மகள். குணம் சரியில்லை என்று அப்பனே கீழே தள்ளிவிட்டான். மற்ற பேய்கள் தெய்வம் ஏவினால் வரும், இவளோ தன் இஷ்டத்துக்கு வருவாள். சிங்கத் தலை, கழுதைப் பல், பறவைக் கால். ஒரு மார்பில் பன்றிக்குட்டி, மறு மார்பில் நாய்க்குட்டி, இரு கையிலும் பாம்பு. கர்ப்பிணியின் வயிற்றை ஏழு முறை தொடுவாள். ‘பிள்ளைகளைக் கொண்டு வாருங்கள், நான் பால் கொடுக்கிறேன்’ என்று கேட்பாள். சிங்கத் தலையை விட எனக்கு அந்தக் கேள்விதான் அச்சம் தருகிறது.

ஒரு மந்திரம் இன்னும் சுவாரசியமானது. கிழவனைப் பிடித்தால் அவள் பெயர் ‘அழிப்பவள்’, இளைஞனைப் பிடித்தால் ‘தகிப்பு’, பெண்பிள்ளையைப் பிடித்தால் லமாஷ்டு, கைக்குழந்தையைப் பிடித்தால் திம்மெ. ஆளின் வயதைப் பொறுத்து நோயின் பெயர் மாறுகிறது. மூடநம்பிக்கை என்று ஒதுக்குகிறவர்கள் இந்தக் கவனிப்பையும் சேர்த்தே ஒதுக்கிவிடுகிறார்கள்.

சடங்கு மூன்று களிமண் பலகைகள் கொண்ட தொகுப்பாகவே கிடைத்திருக்கிறது. மண் எடுக்கும் குழியிலிருந்து களிமண் கொண்டுவந்து அவள் உருவத்தைப் பிடித்து, நோயாளியின் தலைமாட்டில் வைக்க வேண்டும். ஒரு கலத்தில் சாம்பல் நிரப்பி அதில் கத்தியைக் குத்தி வைக்க வேண்டும். மூன்று நாள் அப்படியே இருக்கும். மூன்றாம் நாள் பொழுது சாயும் நேரத்தில் உருவத்தை வெளியே எடுத்துப்போய், அதே கத்தியால் குத்தி, சுவர் மூலையில் புதைத்து, சுற்றி மாவால் வளையம் போடுவார்கள். மாவு வளையம் காவல் எல்லை. உள்ளே இருப்பது தாண்டக்கூடாது. திரும்பும்போது பின்னால் பார்க்கக்கூடாது.

இன்னொரு முறையில் உபசாரமே அதிகம். பன்றிக்குட்டியின் இதயத்தை உருவத்தின் வாயில் வைப்பார்கள். வழிக்குச் சாப்பாடு, சீப்பு, நூல் நூற்கும் கதிர், எண்ணெய்க் குப்பி, செருப்பு என்று மூட்டை கட்டுவார்கள். பிறந்த வீட்டுக்குப் போகும் பெண்ணுக்குக் கூட இவ்வளவு கட்டித் தருவார்களா தெரியாது. கத்தியும் உண்டு, கட்டுச்சோறும் உண்டு. இரண்டில் கட்டுச்சோறுதான் அடிப்படை என்பேன். கத்தி களிமண்ணில் இறங்குகிறது, அவ்வளவே. அனுவின் மகள் சாவதாக எங்கும் இல்லை. வேறிடம் போய்விட வேண்டும், அதற்கு வழிச்செலவு வேண்டும்.

பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள அசீரிய (வட மெசொப்பொத்தேமிய) வெண்கலத் தகட்டில் இது முழுவதும் இருக்கிறது. உயரம் சுமார் 14 செ.மீ.தான். மேலே தெய்வச் சின்னங்கள், அடுத்து விலங்குத் தலையுடன் ஏழு பேர், அதன் கீழே கட்டிலில் நோயாளி, தலைமாட்டிலும் கால்மாட்டிலும் மீன் தோல் போர்த்திய இருவர். அடிவரிசையில் ஓடும் ஓர் ஆறு, அதில் படகு, படகில் கழுதை, கழுதைமேல் லமாஷ்டு, பக்கத்தில் சீர்வரிசை. தகட்டின் பின்புறம் முழுக்கப் பசுசுவின் முதுகு. விளிம்புக்கு மேலே தலையை நீட்டி, அவள் கிளம்பிவிட்டாளா என்று எட்டிப் பார்க்கிறான்.