ஜாக்கி இழுத்துட்டான்னு எழுதுறதுக்கு முன்னாடி

குதிரைப் பந்தயத்தில் ஜெயிக்கும் என்று பெரும்பாலானவர்கள் நம்பிய குதிரை, அதாவது ஃபேவரிட், நாலாவதாக வந்தால் போதும். ரேஸ் முடிந்து ஐந்து நிமிடம் ஆவதற்குள் ரேஸ் ரசிகர்கள் குரூப் முழுக்க ஒரே வரிதான்: "ஜாக்கி இழுத்துட்டான்." கிண்டி, பெங்களூர், மும்பை மஹாலக்ஷ்மி, எந்த மைதானமானாலும் இதே வரி. அதாவது, சவாரி செய்கிறவர் கடிவாளத்தை இழுத்து வேண்டுமென்றே குதிரையைத் தோற்க வைத்தார் என்று குற்றச்சாட்டு. இழுப்பது என்பதே கிடையாது என்று நான் சொல்லவில்லை. அது நடந்திருக்கிறது, பிடிபட்டிருக்கிறார்கள், லைசென்ஸ் போயிருக்கிறது. ஆனால் நாம் திட்டித் தீர்க்கும் ரேஸ்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ரேஸ் கார்டிலும் ரிசல்ட்டிலும் ரீப்ளேயிலும் கண்ணெதிரே கிடக்கிறது. அதைப் படிக்காமல் ஒரு மனிதனின் நேர்மையைக் காலி பண்ணுவது பெரிய தப்பு.

குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த ஆட்டம், வெறும் அதிர்ஷ்டம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1996 ஜனவரியில் சொன்னது நம்ம கிண்டி வழக்கில்தான். குதிரையின் வம்சம், பயிற்சி, ஃபார்ம், ஜாக்கியின் சவாரி எல்லாவற்றையும் எடைபோட்டுத்தான் இதில் முடிவெடுக்க முடியும் என்பது அந்தத் தீர்ப்பின் அடிப்படை. அந்த எடைபோடும் வேலையை நாம்தான் செய்ய வேண்டும்.

எடையிலிருந்து ஆரம்பிக்கலாம். நல்ல குதிரைக்கு அதிக எடை ஏற்றிப் போட்டியைச் சமமாக்கும் ஹேண்டிகேப் ரேஸில், குதிரையின் தர மதிப்பெண்ணான ரேட்டிங் 1 புள்ளிக்கு அரை கிலோ. போன தடவை ஜெயித்த குதிரைக்கு 5 புள்ளி ஏறியிருந்தால் இந்தத் தடவை அதன் முதுகில் 2.5 கிலோ கூடுதல். அது எவ்வளவு தூரத்துக்குச் சமம்? உலகம் முழுக்க இந்த எடையை நிர்ணயிக்கும் ஹேண்டிகேப்பர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு இது: 1000 மீட்டரில் ஒரு லெங்த்துக்கு (ஒரு குதிரையின் நீளம்) கிட்டத்தட்ட 1.4 கிலோ, 1600 மீட்டரில் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு, 2400 மீட்டரில் முக்கால் கிலோவுக்கும் குறைவு. தூரம் கூடக் கூட ஒவ்வொரு கிலோவும் அதிகம் கடிக்கும். போன தடவை மைல் (1600 மீட்டர்) ரேஸில் 60 கிலோவோடு ஒரு லெங்த்தில் ஜெயித்த குதிரை, இப்போது 62.5 கிலோ. தோற்ற குதிரைக்கு அப்போதும் இப்போதும் 54. கணக்குப்படி தோற்ற குதிரை இந்தத் தடவை ஒன்றரை லெங்த் முன்னால் வர வேண்டும். வந்தது. உடனே "போன வாரம் பறந்த குதிரை இன்னைக்கு எப்படி படுத்துச்சு?" என்று கேள்வி. படுக்கவில்லை. ஹேண்டிகேப்பர் தன் வேலையைச் செய்திருக்கிறார், அவ்வளவுதான்.

அப்ரெண்டிஸ் (பயிற்சியில் இருக்கும் ஜாக்கி) பையன்களுக்குக் கிடைக்கும் எடைச் சலுகையையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். இங்கிலாந்தில் ஃபிளாட் ரேஸில் (தடை தாண்டாத ஓட்டம்) 20 வெற்றி வரை 7 பவுண்டு, 50 வரை 5, 95 வரை 3. நம் ஊரில் அளவு வேறு, நோக்கம் ஒன்றுதான். ஹேண்டிகேப்பில் 2 கிலோ சலுகை என்றால் மைல் ரேஸில் இரண்டு லெங்த்துக்கு மேல். பெரிய ஜாக்கியை இறக்கிவிட்டுப் பையனை ஏற்றினால் டிரெய்னர் குதிரையைக் கைவிட்டார் என்று பலர் முடிவு கட்டுகிறார்கள். நேராக ஓடும், முன்னால் போக விரும்பும் குதிரை என்றால் அந்த இரண்டு லெங்த் வரம். பின்னால் காத்திருந்து இடைவெளி தேடி வர வேண்டிய குதிரை என்றால் பையனின் அனுபவக் குறைவு அந்தச் சலுகையைத் தின்றுவிடும். எந்த வகைக் குதிரை என்று பார்க்காமல் ஜாக்கி பெயரை மட்டும் பார்ப்பதில் அர்த்தமே இல்லை.

அடுத்தது டிரா, அதாவது எந்தக் குதிரை எந்தக் கேட்டிலிருந்து கிளம்ப வேண்டும் என்ற குலுக்கல். நான் பார்த்தவரை ரேஸ் பேசுகிற ஆட்களே மிகக் குறைவாகப் பேசும் விஷயம் இதுதான், ஆனால் மிக அதிகம் முடிவு பண்ணுவதும் இதுதான். ஒரு பள்ளிக்கூடக் கணக்கு போடுவோம். முழு வளைவு ஒன்று அரை வட்டம். உள் ரெயிலை (உள்பக்க வேலி) ஒட்டி ஓடும் குதிரையைவிட ஒரு மீட்டர் வெளியே ஓடும் குதிரை அந்த வளைவில் 3.14 மீட்டர் அதிகம் ஓட வேண்டும். நான்கு மீட்டர் வெளியே போனால் 12.5 மீட்டர். ஒரு லெங்த் என்பது சுமார் 2.4 மீட்டர். ஆக, ஐந்து லெங்த் வளைவிலேயே போய்விட்டது. 1200 மீட்டரை 72 நொடியில் ஓடும் குதிரைக்கு அது முக்கால் நொடி. ரிசல்ட்டில் அது "இரண்டு லெங்த்தில் தோற்றது" என்று இருந்தால், உண்மையில் அது ஜெயித்த குதிரையைவிட நன்றாக ஓடியிருக்கிறது. அடுத்த தடவை உள் கேட் கிடைக்கும்போது கவனிக்க வேண்டிய குதிரை அதுதான். நாமோ அதன் ஜாக்கியைத் திட்டிவிட்டுக் குதிரையையும் லிஸ்ட்டிலிருந்து எடுத்துவிடுகிறோம்.

வெளியே போனது ஜாக்கியின் தப்பா? சில சமயம் ஆமாம். பல சமயம் இல்லை. கேட்டிலிருந்து முதல் வளைவு வரை எவ்வளவு தூரம் இருக்கிறது என்று பாருங்கள். 200 மீட்டர்கூட இல்லையென்றால் வெளியே 12-ஆம் கேட்டில் இருப்பவனுக்கு இரண்டே வழி. ஆரம்பத்திலேயே குதிரையை விரட்டி உள்ளே நுழையலாம், கடைசி 200 மீட்டரில் அதற்கான விலையைக் கொடுக்க வேண்டியிருக்கும். அல்லது இழுத்துப் பிடித்துப் பின்னால் போய் ரெயிலைப் பிடிக்கலாம், பிறகு கூட்டத்துக்குள் வழி கிடைக்க வேண்டும். இந்த இரண்டாவது வழியைத்தான் நம் ஆட்கள் "கேட்டை விட்டதுமே இழுத்தான்" என்று எழுதுகிறார்கள்.

எல்லா மைதானத்திலும் உள் கேட்தான் நல்லது என்றும் நினைக்க வேண்டாம். ஹாங்காங் ஷா டின்னில் 1000 மீட்டர் நேர் ஓட்டத்தில் வளைவே கிடையாது. அங்கே பெரிய நம்பர் கேட்காரர்கள் ஸ்டாண்ட் பக்க ரெயிலை ஒட்டி ஓடுவார்கள், அவர்களுக்குத்தான் சாதகம். அதே ஊரில் ஹேப்பி வேலியில் வளைவு இறுக்கம், கடைசி நேர்பாதை சின்னது, குறைந்த தூர ரேஸ்களில் சின்ன நம்பர் (உள்) கேட் தங்கம். இங்கிலாந்தின் செஸ்டர் சுற்றளவே ஒரு மைலுக்குக் கொஞ்சம்தான் அதிகம். கிட்டத்தட்ட வட்டமாகவே திரும்பிக்கொண்டிருக்கும் அந்த மைதானத்தில் 5 ஃபர்லாங் (சுமார் 1000 மீட்டர்) ரேஸுக்கு வெளிக் கேட் விழுந்தால் நல்ல ஜாக்கியும் தவித்துத்தான் போவார்.

தரையைப் பற்றிச் சுருக்கமாக. பெனட்ரோமீட்டர் ரீடிங் என்று ரேஸ் அன்று ஒரு எண் சொல்கிறார்களே, அதன் வேலை எளிது. ஒரு கம்பியின் மேல் ஒரு கிலோ எடையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து மூன்று தடவை விழவைத்து, கம்பி மண்ணில் எத்தனை சென்டிமீட்டர் இறங்குகிறது என்று பார்ப்பது. எண் கூடினால் தரை மெத்து, குறைந்தால் கெட்டி. கூடவே ஃபால்ஸ் ரெயில் (நகர்த்தி வைக்கும் தற்காலிக உள் வேலி) எத்தனை மீட்டர் தள்ளியிருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ரெயில் தள்ளப்பட்டால் மிதிபடாத புல் உள்பக்கம் கிடைக்கும், வளைவின் அளவும் மாறும். ரெயில் தள்ளிய நாளின் டைமையும் தள்ளாத நாளின் டைமையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது வீண்.

இப்போது வேகம். சண்டை அதிகம் வருவது இங்கேதான்.

2022, அமெரிக்காவின் கென்டக்கி டெர்பி. ரிச் ஸ்ட்ரைக் என்ற குதிரை, பந்தய விலை 80-க்கு 1. கடைசி நேரத்தில் வேறொரு குதிரை விலகியதால் உள்ளே வந்தது, கடைசி வெளிக் கேட்டிலிருந்து கிளம்பியது, ஜெயித்தது. அதிசயம் என்றார்கள். முதல் கால் மைல் டைமைப் பாருங்கள்: 21.78 நொடி. அந்த டெர்பியின் வரலாற்றிலேயே வேகமானது. அரை மைல் 45.36. பத்து ஃபர்லாங் ஓட வேண்டிய குதிரைகளை அந்த வேகத்தில் விரட்டினால் நுரையீரல் கடைசியில் கணக்குக் கேட்கும். முன்னால் போன சம்மர் இஸ் டுமாரோ கடைசியாக வந்தது. பின்னால் சும்மா காத்திருந்த ரிச் ஸ்ட்ரைக், அதன் ஜாக்கி சோனி லியோன் கடைசியில் உள் ரெயிலில் வழி கண்டுபிடித்ததும், களைத்து நிற்பவர்களைத் தாண்டியது. அன்று முன்னால் போன ஜாக்கிகள் யாரும் கடைசியில் இழுக்கவில்லை. குதிரைகளிடம் மிச்சம் எதுவும் இல்லை.

நேர் எதிர்ப்பக்கம் 1986. இங்கிலாந்தின் எப்சம் டெர்பியில் ஃபேவரிட் டான்சிங் பிரேவ். ஜாக்கி கிரெவில் ஸ்டார்க்கி குதிரையை வெகு பின்னால் வைத்திருந்தார், டாட்டனம் கார்னர் வளைவின் இறக்கத்தில் குதிரை தடுமாறியது, கடைசியில் புயலாக வந்தும் ஷாராஸ்தானி என்ற குதிரையிடம் அரை லெங்த்தில் தோற்றது. ஸ்டார்க்கியைத் திட்டாத ஆள் இல்லை. அதே ஆண்டு அக்டோபரில் பாரிஸ் லாங்ஷாம், ஆர்க் ரேஸ். இப்போது ஜாக்கி பேட் எடெரி. அவரும் பின்னால்தான் வைத்திருந்தார், இன்னும் தாமதமாகத்தான் வெளியே எடுத்தார். டிராக் ரெக்கார்டோடு வெற்றி. எடெரி மேதை, ஸ்டார்க்கி குற்றவாளி என்றார்கள்.

இரண்டு ரேஸிலும் யுக்தி ஒன்று. ஆர்க்கில் முன்னால் போனவர்கள் வேகம் குறையாமல் போனார்கள், லாங்ஷாம் நேர்பாதை சமதளம். எப்சமில் முதல் பாதி மந்தம், அப்புறம் இறக்கம், நேர்பாதையே ஒருபக்கம் சாய்ந்திருக்கும். மந்தமான ரேஸில் முன்னால் இருப்பவனுக்கும் மூச்சு மிச்சம் இருக்கும். பின்னாலிருந்து வருகிறவன் அவனைவிட மிக வேகமாக ஓடினால்தான் பிடிக்க முடியும். ஸ்டார்க்கியின் தப்பு வேகத்தைத் தவறாகக் கணித்தது. நேர்மைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கணிப்புப் பிழையையும் திருட்டையும் ஒரே சொல்லால் சொல்லக் கூடாது என்பதுதான் என் வாதம்.

ஜாக்கி யாராக இருந்தாலும் ஒன்றுதான் என்று இதற்கு அர்த்தம் இல்லை. 2013 செப்டம்பரில் சிங்கப்பூர் கிராஞ்சியில் ஜாக்கி ஜோவாவ் மொரேரா ஒரே நாளில் 8 சவாரி, 8 வெற்றி. 2017-இல் ஷா டின்னில் ஒரே நாளில் மறுபடி 8. கிராஞ்சி மைதானம் 2024 அக்டோபரோடு மூடிவிட்டது, சிங்கப்பூர்த் தமிழ் ரேஸ் ரசிகர்களுக்கு அந்த நாள் இன்னும் மறக்காது. கேட்டிலிருந்து கிளம்புவதும், குதிரையை நிதானமாக வைப்பதும், எப்போது முழு வேகத்தைக் கேட்பது என்று தெரிவதும்தான் அவருடைய பலம்.

சரி, உண்மையிலேயே இழுத்தால் எப்படித் தெரியும்? ரீப்ளேயைப் பக்கவாட்டுக் கேமராவில் மட்டும் பார்க்காதீர்கள், நேர் எதிரிலிருந்து எடுத்ததையும் பாருங்கள். கடைசி 400 மீட்டரில் நிறுத்தி நிறுத்தி ஜாக்கியின் கையைக் கவனியுங்கள். ஒழுங்காக ஓட்டுகிறவனின் கை குதிரையின் கழுத்தோடு முன்னும் பின்னும் போகும், கழுத்து நீளும்போது கையும் கூடவே நீளும். இழுக்கிறவனின் கை நின்றுவிடும், முழங்கை மடங்கி உடம்போடு ஒட்டும், இடுப்பு பின்னால் சாயும், குதிரையின் தலை மேலே தூக்கும், வாய் திறக்கும். விப் (சாட்டை) சுற்றும், ஆனால் தோலில் படாது. இவை ஒன்றாகத் தெரிந்து, முன்னால் வழியும் திறந்திருந்தால், தாராளமாகக் கேள்வி கேளுங்கள். கூட வருகிறேன்.

ஆனால் முன்னால் வழி அடைபட்டிருந்தால் அதே கை, அதே முழங்கை, அதே தூக்கிய தலைதான் தெரியும். முன் குதிரையின் பின்காலில் இதன் முன்கால் தட்டினால் இது விழக்கூடும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில், பின்னால் வரும் குதிரைகளுக்கு நடுவில். அந்த இடத்தில் இழுக்காத ஜாக்கியைத்தான் விசாரிக்க வேண்டும். குதிரை ஒருபக்கம் சாய்ந்துகொண்டே போனாலும் இப்படித்தான். அடிப்பதை நிறுத்திவிட்டு நேராக்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்துக் குதிரையை இடித்து அப்ஜெக்‌ஷனில் (எதிர்த்தரப்புப் புகாரில்) இடம் போய்விடும்.

குதிரையின் உடம்பும் இருக்கிறது. ஜோராக வந்துகொண்டிருந்த குதிரை கடைசி 300 மீட்டரில் சுவரில் மோதியதுபோல் நின்றால் முதலில் மூச்சைச் சந்தேகப்படுங்கள். மென் அண்ணம் இடம் மாறி மூச்சுக்குழலை அடைத்துவிடும், தொண்டையில் களகளவென்று சத்தம் கேட்கும். அதனால்தான் சில குதிரைகளுக்கு நாக்கைக் கட்டி ஓட்டுகிறார்கள். நுரையீரலில் ரத்தம் கசிந்தாலும் அதே நிலைமைதான். மூக்கில் ரத்தம் எப்போதும் தெரியாது, பல நேரம் எண்டோஸ்கோப் விட்டால்தான் தெரியும். லாடம் கழன்றிருக்கலாம், சேணம் பின்னால் நழுவியிருக்கலாம். ஸ்டாண்டிலிருந்து பார்த்தால் எல்லாமே "இழுத்தான்" மாதிரிதான் தெரியும்.

ரசிகர்களை மட்டும் குறை சொன்னால் பாதிதான் சொன்னதாகும். ஹாங்காங்கில் ஒவ்வொரு ரேஸுக்குப் பின்னும் குதிரைவாரியாக அறிக்கை வருகிறது: எது கேட்டில் தாமதித்தது, எது முன்னால் காற்றை மறைக்கக் குதிரையில்லாமல் வெளியே ஓடியது, எதன் வழி எங்கே அடைபட்டது, எந்தக் குதிரையின் மூச்சுக்குழலில் ரத்தம் இருந்தது. பகுதி பகுதியாக டைம், ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனையாவது இடம், எல்லாம் பொதுவில். ஜாக்கியின் சவாரி கேள்விக்குரியதாக இருந்தால் அவரிடம் கேட்ட கேள்வியும் அவர் சொன்ன பதிலும் அதில் இருக்கும். நம் நாட்டு டர்ஃப் கிளப்புகள் ஒவ்வொன்றும், ஒவ்வொரு ரேஸுக்கும், கடைசியாக வந்த குதிரை உட்பட, இதே அளவு விவரத்தை அன்று மாலையே வெளியிட வேண்டும். 200 மீட்டருக்கு ஒரு டைம், வளைவில் எத்தனையாவது வரிசையில் ஓடியது, டாக்டர் பார்த்ததில் என்ன தெரிந்தது. இந்த மூன்று இருந்தால் குரூப்பில் நடக்கும் சண்டையில் முக்கால்வாசி அன்றைக்கே முடிந்துவிடும். ஃபேவரிட் தோற்ற ரேஸ் எதையாவது கமென்ட்டில் போட விரும்புகிறவர்கள் ரேஸ் நம்பர், கேட் நம்பர், எடை, ரீப்ளேயில் எத்தனையாவது நொடியில் என்ன பார்த்தீர்கள் என்பதோடு போடுங்கள், ஒன்றொன்றாக உட்கார்ந்து பார்ப்போம்.