குலுக்கல் விசாவுக்கு ஏஜெண்ட் கையில் காசு கொடுக்காதீங்க

வாழப்பாடி, ஆத்தூர், ஓமலூர் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகளிடம் ஆஸ்திரேலியாவைச் சுற்றிப் பார்த்துக்கிட்டே அங்கே வேலையும் செய்ய விடும் 'ஒர்க் அண்ட் ஹாலிடே' விசாவைப் பற்றிப் பேச்செடுத்தால் ரெண்டே பதில்தான் வருது. "அதெல்லாம் வசதியானவங்களுக்கு" என்பது ஒண்ணு. "ஏஜெண்டுக்குப் பணம் கட்டினா போய் செட்டில் ஆயிடலாம்" என்பது இன்னொண்ணு. ரெண்டுமே தப்பு. ரெண்டாவது நினைப்பு, குடும்பத்தையே கடனில் தள்ளும்.

462 என்கிற இந்த விசாவில் இந்தியர்களுக்கு வருஷத்துக்கு 1,000 இடம். 2024 அக்டோபரில் முதல் குலுக்கல் பதிவு திறந்தபோது ரெண்டு வாரத்திலேயே 40,000 பேர் அளவில் பதிந்தார்கள். யாரை எடுப்பது என்று கம்ப்யூட்டர்தான் தீர்மானிக்குது. எந்த ஏஜெண்டாலும் உங்க பெயரை முன்னால் நகர்த்த முடியாது. பதிவுக் கட்டணம் 25 ஆஸ்திரேலிய டாலர், நம்ம காசுக்குச் சுமார் 1,500 ரூபாய். வயசு 18 முதல் 30. பாஸ்போர்ட்டும் பான் கார்டும் வேணும். போனிலேயே நீங்களே பதியலாம்.

நம்ம பிள்ளைகள் சிக்குவது இனிஷியலில். மார்க்‌ஷீட்டில் வெறும் 'எஸ்', பான் கார்டில் அப்பா பெயர் முன்னால், பாஸ்போர்ட்டில் பின்னால். பெயர் விழுந்த பிறகு விசாவுக்கு விண்ணப்பிக்க 28 நாள்தான், அதற்குள் திருத்தம் வாங்குவது கஷ்டம். அதனால் பாஸ்போர்ட் எடுக்கும்போதே மற்ற எல்லாவற்றையும் அதோடு ஒத்துப்போக வையுங்க. ஐஇஎல்டிஎஸ் என்கிற ஆங்கிலத் தேர்வில் சராசரி 4.5 போதும். தமிழ் மீடியத்தில் படிச்சவங்க இதுக்குப் பயப்படவே வேண்டாம்.

அடுத்தது பணம். கையிருப்பாக 5,000 டாலர், அதாவது சுமார் 3 லட்சம் காட்டணும். டிக்கெட் செலவு தனி. இதை வட்டிக்கு வாங்கி அக்கவுண்டில் காட்டிவிட்டு, விசா வந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு இறங்குவதுதான் பெரிய ஆபத்து. அங்கே பண்ணை வேலைக்குப் போனா, மழை பெய்தால் பழம் பறிப்பு நின்னுடும், விடுதி வாடகை நிக்காது. கையில் காசு இல்லாதவன்தான் குறைந்த கூலிக்குத் தலையாட்டுவான்.

"டிகிரி முடிச்சிட்டு பழம் பறிக்கவா?" என்கிற கூச்சமும் வேண்டாம். ஏற்காட்டில் காபி பறிக்கிற வீட்டுப் பிள்ளைக்குக் கிலோ கணக்குக் கூலியை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனா அங்கே ஒரு வித்தியாசம் இருக்கு: 2022 ஏப்ரல் 28 முதல், பறித்தது எவ்வளவு குறைவா இருந்தாலும் வேலை செய்த மணிக்கான குறைந்தபட்சக் கூலியைத் தந்தே ஆகணும். தொடங்கிய நேரம், முடித்த நேரம், இடைவேளை மூணையும் தினமும் நோட்டில் எழுதி வையுங்க. ஏபிஎன் என்பது சொந்தமா தொழில் செய்றவங்களுக்கான பதிவு எண்; 'ஏபிஎன் எடுத்துட்டு வா' என்று சொல்கிற இடத்தில் சேராதீங்க. உங்களைத் தொழிலாளியாகவே காட்டாமல் கூலியையும் ஓய்வூதியப் பங்கையும் தட்டிக்கழிக்கிற வழி அது.

செட்டில் ஆகும் பேச்சுக்கு வர்றேன். விசா 12 மாசம். ஒரே முதலாளியிடம் பொதுவாக 6 மாசத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. குறிப்பிட்ட பகுதிகளில் பண்ணை மாதிரியான வேலைகளை 3 மாசம் செய்தால் இன்னொரு வருஷத்துக்கு விண்ணப்பிக்கலாம். இது நிரந்தரமாகக் குடியேறுவதற்கான விசா இல்லை என்பதை, நிலத்தை அடமானம் வைக்கக் கிளம்பும் அப்பா அம்மாவிடம் முதலிலேயே சொல்லிடுங்க.